கொட்டகைக்கு எழுதிய புலவர்: சங்கரதாஸ் சுவாமிகள், ஒரு மறுமதிப்பீடு

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பத்திதான். பிறப்பு, இறப்பு, நாடகங்களின் பட்டியல், 'தமிழ் நாடகத் தலைமையாசிரியர்' என்ற பட்டம், அவ்வளவு. அடுத்த பத்தியில் பம்மல் சம்பந்த முதலியார் வந்துவிடுவார். மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் நிலைமை வேறு. பங்குனி பிறந்து திருவிழாக்கள் தொடங்கிவிட்டால் நாடக நோட்டீஸில் இன்றும் 'வள்ளி திருமணம்' என்ற பெயரைப் பார்க்கலாம். ஆசிரியர் மறைந்து நூறாண்டு கடந்தும் ஊர்வரிப் பணத்தில், விடிய விடிய ஒரு நாடகம் நடக்கிறது என்றால், அந்தப் பேறு தமிழில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது?

ஏட்டில் சுருங்கிய ஒருவர் மேடையில் எப்படி நிலைத்தார் என்பதுதான் இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. பாமரர் ரசனைக்கு எழுதியவர், அதனால் நிலைத்தார் என்று படித்தவர்கள் சொல்வதுண்டு. அவர் ஒரு மகான், அவருடைய அருள் என்று நடிகர்கள் சொல்வதுண்டு. இரண்டுமே அவருடைய எழுத்தைத் திறந்து பார்க்காத விடைகள். திறந்து பார்த்தால் ஒன்று தெளிவாகும்: சுவாமிகள் முதலில் எழுதியது நடிகர்களுக்காக. வாசகரும் பார்வையாளரும் அதற்குப் பிறகுதான். அவருடைய நாடகங்களைக் கையாளத் தக்க தொழிற்பாடமாக எடுத்துப் பார்த்தால், அவற்றின் பலமும் பலவீனமும் ஒருசேர விளங்கும்.

கணக்கு மேசையிலிருந்து கொட்டகைக்கு

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867 செப்டம்பர் 7 அன்று பிறந்தவர் சங்கரன். தந்தை தாமோதரக் கணக்கப்பிள்ளை. ஊரார் அவரை 'இராமாயணப் புலவர்' என்றே அழைத்தார்களாம். தாய் பேச்சியம்மாள். தந்தையிடம் தொடக்கத் தமிழ் கற்ற பிறகு, பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பும் சந்தமும் பயின்றார். அங்கே உடன் பயின்றவர் உடுமலை முத்துசாமிக் கவிராயர். அந்தக் கவிராயரின் மாணவர்தான் பின்னாளில் திரைப்பாடலில் கொடிகட்டிப் பறந்த உடுமலை நாராயணகவி. மேடைப் பாட்டிலிருந்து சினிமாப் பாட்டுக்கு வந்த வழியின் ஒரு கிளை இந்தப் பாடசாலையில்தான் பிரிகிறது.

வெண்பாவும் கலித்துறையும் எழுதப் பழகிய இளைஞர் பிழைப்புக்காகத் தூத்துக்குடி உப்பளத்தில் கணக்கெழுதினார். 24 வயதளவில் அதை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தார். ராமுடு ஐயர், கல்யாணராமையர் ஆகியோரின் குழுவில் நடிகராகவும் ஆசிரியராகவும் தொடங்கி, பிறகு வேலு நாயர், வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவர ஐயர் என்று பல குழுக்களில் பணியாற்றினார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகியவை அவர் பேர்வாங்கிய வேடங்கள். எமனாக அவர் பாய்ந்து வந்ததைப் பார்த்த கர்ப்பிணி ஒருத்தி அதிர்ச்சியில் கருச்சிதைவுற்றாள் என்றும், சனீசுவரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனவரைக் கண்டு ஒரு பெண் உயிரையே விட்டாள் என்றும், அந்த மனவருத்தத்தில்தான் அவர் வேடம் கட்டுவதை விட்டார் என்றும் நாடகக்காரர்களிடையே கதைகள் உண்டு. கதைகளில் கூடுதல் குறைவு இருக்கலாம். அவர் வேடத்தை விட்டு முழுநேர ஆசிரியரானது உண்மை.

இடையில் ஒரு துறவு. எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கோவணத்தோடு தலயாத்திரை போனவரை மறுபடியும் உலகத்துக்கு இழுத்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிராவில் லயத்தின் எல்லையைக் கண்ட அந்த மேதை சுவாமிகளைத் தம் வளர்ப்பு மகன்போல் வீட்டில் வைத்துக்கொண்டார். சந்தத்தைப் புலவரிடமும் தாளத்தை லய வித்துவானிடமும் கற்ற ஒருவர் நாடகம் எழுதவந்தது தமிழ் மேடைக்கு நேர்ந்த பெரிய நன்மை.

அவர் வந்தபோது மேடை

1890-களில் தமிழ் நாடகம் மூன்று திசைகளில் இழுபட்டுக்கொண்டிருந்தது. ஒருபக்கம் படித்தவர்களின் ஏட்டு நாடகம்: சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' வெளிவந்தது 1891-இல், பரிதிமாற் கலைஞரின் 'நாடகவியல்' 1897-இல். இன்னொரு பக்கம் பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை. வக்கீல்களும் அரசு ஊழியர்களும் பொழுதுபோக்குக்காக நடித்த, வசனம் முதன்மையான மேடை அது. மூன்றாவது, ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, சீட்டு விற்றுப் பிழைத்த தொழில்முறைக் குழுக்கள். தெருக்கூத்து, 'இராம நாடக'க் கீர்த்தனை, பார்சிக் கம்பெனிகளின் திரைச்சீலையும் இந்துஸ்தானி மெட்டும் எல்லாம் இங்கே கலந்துகிடந்தன.

இந்த மூன்றாவது மேடையில் பாட்டுக்கு வடிவம் இருந்தது; வசனத்துக்கு இல்லை. இடையில் பேசுவது நடிகரின் வாய்ச் சாமர்த்தியம். சாமர்த்தியம் உள்ளவர் கதையை எங்கோ கொண்டுபோய்விடுவார். இல்லாதவர் ஆபாசத்தில் இறங்குவார். கதாநாயகன் ஒருநாள் முறைத்துக்கொண்டு கம்பெனி மாறிவிட்டால் நாடகமே படுத்துவிடும். சுவாமிகள் கைவைத்த இடம் இதுதான். கதை முழுவதையும் பாட்டும் வசனமுமாக, பாத்திரத்துக்குப் பாத்திரம் பிரித்து எழுதிக் கொடுத்தார்.

பாட்டுக்குள் இருக்கும் பயிற்சி

அவருடைய நாடகத்தின் கட்டமைப்பைப் பார்க்க 'வள்ளி திருமணம்' போதும். கதை எல்லாருக்கும் தெரிந்தது: தினைப்புனம், நாரதர் வருகை, வேடனாகவும் கிழவனாகவும் முருகன், யானை, கல்யாணம். கதையில் அடுத்து என்ன என்ற ஆவலுக்கு இடமே இல்லை. இரவெல்லாம் கூட்டத்தை உட்கார வைப்பது வேறொன்று.

ஒரு பாத்திரம் பேசவேண்டியதைச் சுவாமிகள் பெரும்பாலும் மூன்று நடையில் கொடுக்கிறார். முதலில் விருத்தம். இதற்குத் தாளம் கிடையாது. நடிகர் தம் குரலுக்கு ஏற்றபடி ராகத்தை விரித்துக்கொள்ளலாம். நல்ல பாட்டுக்காரருக்கு இது கால்மணி நேரம் ஓடும். தொண்டை கட்டியவருக்கு இரண்டு நிமிடத்தில் முடியும். அடுத்தது தாளக்கட்டுள்ள பாட்டு: கீர்த்தனை, சிந்து, கண்ணி, அல்லது மக்களுக்கு முன்பே பழகிய ஒரு வர்ணமெட்டு. மூன்றாவது வசனம். சொன்னதையே கொஞ்சம் இறக்கிச் சொல்லி, எதிராளிக்கு ஒரு கேள்வியைப் போட்டு நிறுத்துவது இதன் வேலை. அந்தக் கேள்வியே எதிராளியின் விருத்தத்துக்கு எடுப்பு. பந்தலுக்குக் கால் நட்டதுபோல இவை நிற்கின்றன. மேலே கீற்று வேய்வதா தகரம் போடுவதா என்பது நடிகர் பாடு.

நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம். தனியாகக் காவல் காக்கும் பெண்ணிடம் கல்யாணப் பேச்சை எடுக்கிறார் முனிவர். அவள் வெட்டிப் பேசுகிறாள். அவர் நீதிநூலிலிருந்து ஒன்றை எடுத்து வைக்கிறார். அவள் இன்னொன்றை வைக்கிறாள். இன்ன இடத்தில் இன்ன பாட்டு என்பது நிலையானது. அந்த இரண்டு பாட்டுக்கு நடுவே எவ்வளவு நேரம் வாதாடுவது, எந்தக் குறளை இழுப்பது, உள்ளூர் விஷயத்தை எங்கே செருகுவது என்பதெல்லாம் அன்றைய இரவைப் பொறுத்தது. நாரதராக வருபவர் படித்தவராக இருந்தால் தர்க்கம் மட்டுமே ஒரு மணி நேரத்தைத் தாண்டும். முன்வரிசையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் யார் ஜெயித்தார்கள் என்று தீர்ப்புச் சொல்வார்கள்.

யாப்பும் இங்கே ஒரு தொழிற்கருவி. எதுகை அடுத்த அடியை நினைவுக்கு இழுத்துவரும். மோனை அடியின் நடுவில் மூச்சு விடும் இடத்தைக் காட்டும். சந்தம் காலுக்கு அசைவு தரும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர்கூட கேட்டுக் கேட்டே முழு நாடகத்தையும் மனப்பாடம் செய்துவிட முடிந்ததற்கு இதுவே காரணம். புலவர் சபையில் மதிப்புப் பெறுவதற்காக எழுதிய கவிதைகளோடு இவற்றை ஒப்பிட்டு, உவமை பழசு, சொல் பழசு என்று குறைசொல்வது எளிது. மேடையில் பழகிய சொல் ஒரு வசதி. ஆயிரம் பேர் இருக்கும் திறந்தவெளியில், ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கடைசி வரிசைக்காரர் பாதி கேட்டாலும் மீதியை ஊகித்துக்கொள்ள வேண்டும்.

பாலர் சபை

1910-இல் சுவாமிகள் 'சமரச சன்மார்க்க நாடக சபை'யைத் தொடங்கினார். எஸ்.ஜி. கிட்டப்பாவும் அவர் சகோதரர்களும் பயிற்சி பெற்றது இங்கேதான். பெரிய நடிகர்களின் கட்டுக்கடங்காத போக்கில் சலித்துப்போன சுவாமிகள், சிறுவர்களை வைத்து நாடகம் நடத்துவதே வழி என்ற முடிவுக்கு வந்ததாக அவருடைய மாணவர் டி.கே. சண்முகம் எழுதுகிறார். ஜெகந்நாத ஐயரின் பாலர் குழுவில் ஆசிரியராக இருந்துவிட்டு, 1918-இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'யை உருவாக்கினார். சண்முகம் உள்ளிட்ட டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தது இந்தச் சபையில். சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது.

'அபிமன்யு சுந்தரி' பிறந்த கதை இங்கே வருகிறது. சிறுவன் சண்முகம் அபிமன்யுவாக நடிப்பதற்கென்று, ஒரே இரவில், அடித்தல் திருத்தல் இல்லாமல் முழு நாடகத்தையும் சுவாமிகள் எழுதி முடித்தார் என்று சண்முகம் பதிவுசெய்திருக்கிறார். இதை மேதைமைக்குச் சான்றாகவே எல்லாரும் சொல்வார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, அந்த நாடகம் ஒரு குறிப்பிட்ட சிறுவனின் குரலுக்கும் வயதுக்கும் அளவெடுத்து எழுதப்பட்டது என்பது. எந்த நடிகருக்கு எது வரும் என்று தெரிந்த ஆசிரியரால்தான் ஓரிரவில் எழுத முடியும்.

பாலர் சபையை முழுதும் புகழ்ந்துவிடவும் முடியாது. ஆறேழு வயதுப் பிள்ளைகள் வீட்டைப் பிரிந்து, பள்ளிக்கூடம் போகாமல், இரவில் கண்விழித்து உழைத்தார்கள். அடியும் உண்டு. சாப்பாடும் ஒரு தொழிலும் கிடைக்கிறதே என்று ஏழைப் பெற்றோர் பிள்ளைகளை விட்டுப் போனார்கள். தமிழ் சினிமாவின் முதல் இரண்டு தலைமுறை நடிகர்களில் பலர் பாய்ஸ் கம்பெனிகளில் உருவானவர்கள் என்று பெருமையாகச் சொல்லும்போது, அந்தப் பெருமைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

1921-இல் சென்னையில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் முடங்கின, பேச்சும் போயிற்று. அந்த நிலையிலும் சபையோடு பயணம் செய்தார். புதுச்சேரியில் 1922 நவம்பர் 13 அன்று மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. நாடகக் கலைஞர்கள் இன்றும் அங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள்.

ஒத்திகை இல்லாத நாடகம்

சுவாமிகளின் பிரதிகளுக்கு உண்மையான சோதனை 'ஸ்பெஷல் நாடகம்'. இதில் நிரந்தரக் கம்பெனி கிடையாது. விழாக்குழுவினர் நாடக ஏஜெண்டைப் பிடிப்பார்கள். அவர் நாயகனாக வரும் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும், பபூனையும் ஆர்மோனியக்காரரையும் வேறு ஊர்களிலிருந்தும் பேசி முடிப்பார். நோட்டீஸில் ஒவ்வொருவர் படத்தின் கீழும் அவரவர் ஊர்ப் பெயர் இருக்கும். ஒத்திகை என்பதே கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் பபூன் வந்து கூட்டத்தைச் சிரிக்கவைத்து, டான்ஸ் முடிந்து, நள்ளிரவை ஒட்டிக் கதை தொடங்கும்போது முருகனும் வள்ளியும் முதல் தடவையாகச் சந்தித்துக்கொள்வதும் உண்டு. ஆர்மோனியமும் மிருதங்கமும் ஆல்ரவுண்டும் மேடையின் ஓரத்திலேயே இருக்கும். சுருதியைக் கூட்டிக் குறைப்பது, பாட்டை எடுத்துக் கொடுப்பது, மறந்துபோன வரியைப் பின்பாட்டாகப் பாடித் தூக்கிவிடுவது எல்லாம் ஆர்மோனியக்காரர் பொறுப்பு.

அறிமுகமே இல்லாத ஆறேழு பேர் ஒரு முழு இரவை நடத்திவிட முடிகிறது என்றால், அவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரு பாடம் இருக்கிறது என்று பொருள். அது சுவாமிகள் வகுத்தது. அதே பாடத்தில் காலத்துக்கேற்ற செய்தியை ஏற்றவும் முடிந்தது. நடிகர் விஸ்வநாததாஸ் 'வள்ளி திருமண'த்தில் முருகனாக மேடையேறியபோது, புனத்தில் பறவை விரட்டும் கட்டம் வெள்ளைக்காரனை விரட்டும் கட்டமாக மாறியது, கூட்டம் ஆர்ப்பரித்தது, போலீஸ் கைதுசெய்தது. பல முறை சிறைபோன அவர் 1940 இறுதியில் சென்னையில் அதே நாடகத்தில், அதே வேடத்தில், மேடையிலேயே உயிர் நீத்தார். சுவாமிகள் எழுதியது தேசிய நாடகம் அல்ல. ஆனால் தேசியம் நுழைந்து உட்கார அதில் இடம் இருந்தது. தியடோர் பாஸ்கரன் போன்ற ஆய்வாளர்கள் வெகுசன நாடகத்தின் அரசியல் பங்கைத் தொகுத்துக் காட்டிய பிறகுதான் இந்தப் பக்கம் வெளிச்சத்துக்கு வந்தது.

கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இணைந்து பாடிய மேடைகள், எம்.கே. தியாகராஜ பாகவதரைத் திரைக்குக் கொண்டுவந்த 1934-ஆம் ஆண்டுப் 'பவளக்கொடி', தமிழகக் குழுக்களின் வருகையால் வளர்ந்து வி.வி. வைரமுத்துவிடம் உச்சம் தொட்ட யாழ்ப்பாண இசை நாடகம் என, இந்த மரபு கிளைத்த இடங்கள் பல.

கதைகளும் அவற்றின் சுமையும்

சுவாமிகள் 40-க்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதியதாகச் சொல்வார்கள். பட்டியலுக்குப் பட்டியல் எண்ணிக்கை மாறும். 'சத்தியவான் சாவித்திரி', 'பவளக்கொடி', 'சுலோசனா சதி', 'பிரகலாதன்', 'லவகுசா', 'கோவலன்', 'நல்லதங்காள்', 'அல்லி அர்ஜுனா' ஆகியவை பெயர்பெற்றவை. வடமொழி 'மிருச்சகடி'யும் ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியத்'தும் அவர் கையாண்டவை என்பார்கள். கிராமத்தில் தங்கியவை புராணமும் கதைப்பாடலும் கலந்தவை மட்டுமே.

இவற்றின் அறம் பழைமையானது. எமனையே வாதில் வெல்லும் சாவித்திரியின் அறிவெல்லாம் கணவன் உயிரை மீட்பதற்குத்தான். ஆண்வாடையே ஆகாது என்று மதுரையை ஆண்ட அல்லியை அர்ஜுனன் வஞ்சகத்தால் அடைகிறான், முடிவு கல்யாணம். பெண்ணுக்கு எதிர்வாதம் பேச ஒரு முழு இரவைக் கொடுத்துவிட்டு, விடியும்போது தாலியில் முடிப்பது இந்த நாடகங்களின் வழக்கம். இதைச் சுவாமிகளின் தனிக் குறை என்று சொல்ல முடியாது. கதைகள் அவருக்கு முன்னரே அப்படித்தான் இருந்தன. ஆனாலும் மாற்றி எழுதும் வல்லமை இருந்தவர் மாற்றவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த எதிர்வாதத்தின் கூர்மையை வைத்தே நல்ல ஸ்திரீபார்ட் நடிகைகள் பெயர் வாங்கினார்கள். கதை தோற்கடித்த பெண்ணைக் கூட்டம் கைதட்டி வெற்றிபெற வைத்தது.

'நல்லதங்காள்' வேறு தளத்தில் நிற்கிறது. பஞ்சத்தில் அண்ணன் வீடு தேடி வந்து, அண்ணன் மனைவி மூளி அலங்காரியிடம் அவமானப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் விழும் தாயின் கதை. சுவாமிகளுக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும்போது தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. அவருடைய முதல் பார்வையாளர்களில் பலர் அந்தப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர்கள். கடவுள் வந்து எல்லாரையும் எழுப்பிவிடும் கடைசிக் காட்சியைவிடக் கிணற்றடிக் காட்சிதான் அவர்களுக்கு நெருக்கமாக இருந்திருக்கும்.

ஏன் மறந்தோம்?

இலக்கியவாதிகள் அவரை ஒதுக்கியதற்கு அச்சுப் பிரதிகள் ஒரு காரணம். பாட்டுப் புத்தகங்களாகச் சந்தையில் வந்த மலிவுப் பதிப்புகளில் பிழை மலிந்தது. ஒருவர் பாட்டு இன்னொருவர் பெயரில் ஏறியது. நடிகர்கள் சேர்த்த வரியும் ஆசிரியர் எழுதிய வரியும் பிரிக்க முடியாமல் கலந்தன. வசன நாடகமே நவீனம் என்ற சுகுண விலாச சபை வழிவந்த எண்ணம் இரண்டாவது காரணம். மூன்றாவதைச் சொல்வார் குறைவு. 1970-களுக்குப் பிறகு வேர் தேடிப் புறப்பட்ட நவீன நாடகக்காரர்கள் தெருக்கூத்தைக் கண்டெடுத்தார்கள். அதில் தொன்மை இருந்தது. சீன்படுதா, ஆர்மோனியம், பார்சி மெட்டு எல்லாம் கலந்த ஸ்பெஷல் நாடகம் அவர்கள் கண்ணுக்குக் கலப்படமாகத் தெரிந்தது. பழமைக்கும் சேராமல் புதுமைக்கும் சேராமல் நடுவில் நின்றது சுவாமிகளின் மேடை.

மரியாதை செய்யாமல் இல்லை. மதுரை தமுக்கத்தில் சிலை உண்டு. புதுவைப் பல்கலைக்கழக நாடகப் பள்ளிக்கு அவர் பெயர். சென்னையில் நடிகர் சங்கத்தின் பழைய அரங்குக்கும் அவர் பெயர் இருந்தது. பெயர் வைத்ததோடு நிறுத்திக்கொண்டோம் என்பதுதான் குறை. ஒரு நாடகத்தின் அச்சுப் பதிப்புகளையும், வாத்தியார்களின் கையெழுத்து நோட்டுகளையும், மேடை ஒலிப்பதிவுகளையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடும் வேலை அதைவிடப் பெரிய மரியாதை. எந்த வரி எல்லாரிடமும் மாறாமல் நிற்கிறது, எந்த இடத்தில் ஒவ்வொருவரும் விலகுகிறார்கள் என்று கண்டால், சுவாமிகள் நட்ட கால்கள் எவை என்று தெரிந்துவிடும். ஆர்மோனியத்தில் அமர்ந்திருக்கும் மூத்தவர்களிடம் அந்த அறிவு இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே பதிவுசெய்ய வேண்டும்.

சுவாமிகளைக் கம்பனோடு வைத்துப் பார்ப்பதும் வீண், இப்சனோடு வைத்துப் பார்ப்பதும் வீண். தம் எழுத்தை அடுத்தவர் வாயில் வாழவிட்டவர் அவர். அதனாலேயே பிரதி சிதைந்தது. அதனாலேயே நாடகம் பிழைத்தது. பம்மல் முதலியார் போன்றவர்கள் நாடகத்துக்குச் சமூக மதிப்பைத் தேடித்தந்தார்கள். சுவாமிகள் நாடகக்காரருக்குச் சோறு போடும் ஒரு தொழிலைத் தந்தார். இலக்கிய வரலாறு முதல் கணக்கை மட்டும் எழுதிவைத்திருக்கிறது. இரண்டாவதை எழுதவேண்டிய கடன் பாக்கி நிற்கிறது.